முகம் திருப்பும் நேரம்

சரவணம்பட்டியில் இருந்த அந்த நாய் விடுதியில் எல்லாமே ஒழுங்காக இருந்தது. கோகிலவாணிக்கு அதுதான் தொல்லையாகப் போயிற்று.

திங்கட்கிழமை வந்தவள் மூன்று நாட்களாக அளந்துகொண்டே இருந்தாள். ஒரு வேளைத் தீனி எத்தனை கிராம், தண்ணீர்க் கிண்ணத்தை நாளுக்கு எத்தனை முறை மாற்றுகிறார்கள், குளிப்பாட்டும் தண்ணீரில் சூடு எவ்வளவு, நகம் வெட்டும்போது நாய் எத்தனை தரம் காலை இழுத்துக்கொள்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. மற்ற ஊர் விடுதிகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஈரோட்டில் இதைவிட நல்ல தீனி போட்டார்கள். மதுரையில் நாய்களுக்கு நீச்சல் குளமே வெட்டியிருந்தார்கள். ஆனால் ஈரோடு வாங்கிய மார்க் எழுபத்தெட்டு, மதுரை எண்பத்தொன்று. சரவணம்பட்டி மூன்று காலாண்டுகளாகத் தொண்ணூற்றாறிலிருந்து இறங்கவில்லை.

அது எப்படி என்று கண்டுபிடித்து எழுதுவதுதான், மார்க் போடும் நிறுவனம் வாணிக்குக் கொடுத்திருந்த வேலை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிக்கை போயாக வேண்டும். அவள் எழுதுவது அடுத்த மாதம் முதல் இருநூற்றுப் பன்னிரண்டு விடுதிகளுக்கும் நடைமுறையாகிவிடும்.

"மேடம், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றார் விடுதி நிர்வாகி டாக்டர் நிரஞ்சனா. கால்நடை மருத்துவர், வாணியைவிட நாலைந்து வயது சின்னவர். "நாய் இங்க இருக்கிற பத்து நாளும், நெஞ்சுத் துடிப்ப அளக்கற கழுத்துப்பட்டை ஓடிட்டுத்தான் இருக்கு. ஆனா மார்க் போடறது கெளம்பற நேரத்துல மட்டும். ஏன்?"

"இருக்கும்போதும் போட்டுப் பாத்தோம் டாக்டர். பந்துக்குப் பின்னால ஓடுற நாய்க்கும் பயந்து ஓடுற நாய்க்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்குது. மூச்சும் அப்படித்தான். பட்டைக்கு வித்தியாசம் தெரியல. எங்களுக்கும் தெரியல."

"அப்புறம்?"

"சந்தேகமே இல்லாத நேரம் ஒண்ணுதான் கிடைச்சது. வளர்த்தவங்க வந்து முன்னால நிக்கிற முதல் மூணு நிமிஷம். அப்ப ஏறுறது சந்தோஷம்தான், வேற எதுவும் இல்ல. நல்லா வெச்சிருந்த நாய்னா சர்ருனு ஏறும். அடிபட்ட நாய், மிரண்டுபோன நாய் ஏறாது. அந்த ஏற்றம்தான் எண்."

சந்திப்பு எண் என்று அதற்குப் பெயர் வைத்ததும் வாணிதான். ஆறு ஆண்டுகளில் அது அவள் நினைத்ததைவிட வெகுதூரம் போய்விட்டது. எழுபதுக்குக் கீழே போன விடுதிக்கு மாநகராட்சி உரிமம் புதுப்பிப்பதில்லை. நாயை அழைத்துப் போக வருகிறவர்களின் கைபேசியில், 'உங்களைக் கண்ட மகிழ்ச்சி: 94' என்று படத்தோடு வந்து விழும். ஜனங்கள் அதை எல்லாருக்கும் அனுப்பி மகிழ்ந்தார்கள். சிங்காநல்லூரில் பிரிந்துபோன ஒரு தம்பதி, நாய் யாரிடம் இருப்பது என்பதை இந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்துகொண்டதாகக்கூடச் செய்தி வந்தது. இரண்டு வருடமாகக் குழந்தைகள் காப்பகங்களும் இதை வாங்கியிருந்தன. வாணியின் நாலு வயது மகள் ஆதிரையின் மணிக்கட்டிலும் ஒரு மெல்லிய பட்டை இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்குக் காப்பகக் கதவு திறந்ததும் ஆதிரை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். கைபேசியில் தொண்ணூற்றைத் தாண்டி ஓர் எண் விழும். ஓசூரில் வேலை பார்க்கும் கணவனுக்கு அதை அனுப்பிவிட்டுத்தான் வாணி வண்டியை எடுப்பாள்.

முதல் இரண்டு மாலைகளும் அவள் முன்கூடத்திலேயே இருந்துவிட்டாள். எண் பிறக்கிற இடம் அதுதானே. புதன்கிழமை, சார்ஜரை உள்ளே மறந்து வைத்துவிட்டு எடுக்கப் போனவள், வாசல் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டாள். அன்று வீடு திரும்பும் நாய்களைக் கடைசியாகக் கொண்டுவந்து வைக்கும் அறை அது.

பன்னிரண்டு நாய்கள் இருந்தன. குளித்து, சீவி, சுத்தமாக இருந்தன. கிண்ணங்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. பணியாளர்கள் ஆறு பேர் குட்டை முக்காலிகளில் நாய்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. வெள்ளைப் பொமரேனியன் ஒன்று ஒரு பெண்ணின் முதுகை மூக்கால் தொட்டது. அவள் அசையவில்லை. இன்னொரு முறை தொட்டது. பிறகு மற்ற நாய்களோடு போய் நின்றுகொண்டது. பன்னிரண்டு முகங்களும் கதவைப் பார்த்திருந்தன.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. குரைப்பும் சிரிப்புமாக முன்கூடம் அதிர்ந்தது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு.

பொங்கியண்ணன் வெளியே வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பஞ்சாலையில் இருந்து, ஆலை மூடியதும் இங்கே வந்தவர். விடுதியிலேயே பழைய ஆள்.

"அண்ணா, உள்ள எல்லாரும் செவுத்தப் பாத்து உக்காந்திருந்தாங்களே, அது என்ன?"

"அதுங்களா? மூஞ்சி திருப்பற நேரமுங்க அம்மிணி." ஏதோ கூட்டிப் பெருக்குவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "அதுக கெளம்பறதுக்கு முந்தி ஒரு மணி நேரம். தொடக்கூடாது, பேசக்கூடாது, கண்ணப் பாக்கக்கூடாது. அவ்வளவுதானுங்க. அடிக்கறது வையறதெல்லாம் இங்க கெடையாது."

"யாரு சொன்னா அப்படிச் செய்யச் சொல்லி?"

"ஆரும் சொல்லலீங்க. எங்கிட்டருந்துதான் வந்துச்சு." டம்ளரைக் கழுவி வைத்தார். "போன சித்திரைல ஊட்டுக்காரி தவறிட்டாளுங்க. காரியமெல்லாம் முடிச்சுப்போட்டு வேலைக்கு வந்தன். வாயே வரலீங்க எனக்கு. அதுக வந்து காலச் சுத்தும், மேல தாவும். நாம்பாட்டுக்குச் செவுத்தப் பாத்து உக்காந்துக்குவன். தீனி வெப்பன், தண்ணி வெப்பன், பேச மட்டும் மாட்டன். ஒரு மாசம் அப்படியே ஓடிப்போச்சுங்க."

வாணி புரிந்துகொண்டாள். "அந்த மாசம் மார்க் ஏறிடுச்சா?"

"என்ற நாய்கதான் நெம்ப மார்க்குங்க. டாக்டரம்மா கூப்புட்டு, என்ன பண்ணுனீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணும் பண்ணலீங்னு சொன்னன். நெசமாலுமே ஒண்ணும் பண்ணலீங்களே! அவிங்க கேமராவெல்லாம் போட்டுப் பாத்துப்போட்டு, சரி, அந்த ஒண்ணும் பண்ணாததையே எல்லாரும் பண்ணுங்கன்னுட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வாணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது வாசல் அறையில் ஒரே ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், பதினோரு வயது, பாதி லாப்ரடார், மீதி தெருநாய். பெயர் கடலை. நேற்றைய பன்னிரண்டில் ஒன்று. வளர்த்தவர் கணபதிப் பகுதியில் தனியாக வசிக்கும் பத்மலோசனி டீச்சர். வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க டெல்லிக்குப் போயிருந்தார். புதன் மாலை ஐந்துக்கு வருவதாக இருந்தது. டெல்லியில் பனிமூட்டம். விமானத்தை ஒன்பதுக்குத் தள்ளினார்கள், பிறகு காலை ஏழுக்கு, பிறகு பதினொன்றுக்கு.

வாசல் அறைக்கு வந்த நாயை மறுபடி உள்ளே அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அப்படியொரு தேவை இதுவரை வந்ததில்லை. எனவே முறை வைத்து ஆள் மாறினார்கள். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தீனியைக் கடலை தொடவில்லை.

"உள்ள அனுப்பிடலாமே டாக்டர்," என்றாள் வாணி.

"அனுப்பலாம் மேடம். நடுவுல யாராவது கொஞ்சிட்டாங்கன்னா அப்புறம் ஏறாது, அறுபதுல நிக்கும். அந்த நம்பர் நேரா டீச்சர் போனுக்குப் போகும். பத்து நாள்ல என்னை மறந்துடுச்சான்னு கேப்பாங்க. போன வருஷம் ஒரு பெரியவர் எழுபத்திரண்டு வந்ததுக்கு இந்தக் கூடத்துல உக்காந்து அழுதாரு. சமாதானமே பண்ண முடியல."

"அதுக்காக?"

நிரஞ்சனா குரலை உயர்த்தவில்லை. "உங்க எண் எவ்வளவு ஏறுதுன்னு பாக்குது. எங்கிருந்து ஏறுதுன்னு பாக்கறதில்ல. நீங்க கேட்ட கேள்விக்குத்தான் நாங்க பதில் சொல்றோம் மேடம்."

வாணி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். தானே உள்ளே போய் அந்த நாயைக் கூப்பிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அளவையில் இருக்கும் பிராணியை ஆய்வாளர் தொடவோ அழைக்கவோ கூடாது என்று கையேட்டில் இருந்தது. ஏழாம் பக்கம். அவளே எழுதியது. ஆய்வாளர்கள் மார்க்கைக் கூட்டிவிடக்கூடாது என்பதற்காக எழுதியது.

பகல் முழுவதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். கடலை கதவருகே படுத்திருந்தது. லிப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதை நிமிர்த்தியது. பதினொன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. நடுவில் ஒரு முறை தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாக வாணியைப் பார்த்தது. வாலை ஒரே ஒரு தரம் தரையில் தட்டியது. அவள் கண்களைத் தாழ்த்தி டேப்லெட்டைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான், தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டது உறைத்தது.

மூன்றே காலுக்கு டீச்சர் வந்தார். டெல்லிக் குளிருக்குப் போர்த்திய கம்பளிச் சால்வையைக்கூட எடுக்கவில்லை. கதவு திறந்ததும் கடலை உடனே பாயவில்லை. நின்றது. பிறகு குரைப்பென்றும் சொல்ல முடியாத, அழுகையென்றும் சொல்ல முடியாத ஒரு சத்தம் அதன் தொண்டையிலிருந்து வந்தது. பாய்ந்தது. பாய்கிற வழியெல்லாம் தரையை நனைத்துக்கொண்டே போய் அவர் மேல் விழுந்தது. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூற்றொன்பது. எந்த விடுதியிலும் இதுவரை வராத எண்.

"பாத்தீங்களாம்மா?" டீச்சர் கைபேசியை வாணியிடம் நீட்டினார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "பத்து நாள் கழிச்சு இல்ல, ஒரு வருஷம் கழிச்சு என்னைப் பாத்த என் பையன், ஏர்போர்ட்டுல பெட்டிய வாங்கிட்டு வா வான்னு முன்னால போயிட்டான். இதப் பாருங்க. இதுக்கு என் மேல இவ்வளவு பாசம்னு எனக்கே தெரியாது."

சொல்லிவிடலாம் என்று வாணி வாயைத் திறந்தாள். டீச்சர் அதற்குள் பொங்கியண்ணனிடம் திரும்பியிருந்தார். "நல்லா இருந்துச்சாங்க என் கடலை?"

"நல்லாத்தானுங்க இருந்துது," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் வாணி அறிக்கையோடு மல்லுக்கட்டினாள். இரண்டு வழிகள் இருந்தன. எண்ணே தப்பு என்று எழுதலாம். அப்படி எழுதினால் ஆறு ஆண்டு வேலை போகும். அவள் வேலையும் போகும். அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று கேட்பார்கள். அவளிடம் எதுவும் இல்லை. எண் வருவதற்கு முன் நாய் விடுதிகள் எப்படி இருந்தன என்பதும் அவளுக்குத் தெரியும். சங்கிலிக் காயத்தோடு வீடு திரும்பிய நாய்களை அவள் பார்த்திருக்கிறாள். அவற்றுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தாள். இப்போது எந்த விடுதியிலும் சங்கிலி இல்லை.

இன்னொரு வழி, நடப்பதை ஒழுங்குபடுத்துவது.

மத்தியானம் பொங்கியண்ணன் தாமாகவே அவளைத் தேடி வந்தார்.

"அம்மிணி, மத்த ஊருலயும் இதப் பண்ணச் சொல்லி எழுதப் போறீங்களாமா?"

"ஒரு மணி நேரம் மட்டும்ணா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நாய உள்ள அனுப்பி, வழக்கம்போல நடத்தணும்னு போடறேன். நேத்து நடந்த மாதிரி இனி எங்கயும் நடக்காது."

அவர் தலையாட்டினார். "நல்லதுதானுங்க. ஆனா ஒரு மணி நேரந்தான்னு அதுகளுக்கு ஆருங்க சொல்றது?"

உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நாலு மணி ஆகப்போகிறது. முக்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கேள்விக்கு அறிக்கையில் இடம் இல்லை. வாணி எழுதி முடித்தாள். 'முகம் திருப்பும் நேரம்' என்று எழுத மனம் வராமல் 'அமைதி நேரம்' என்று பெயர் வைத்தாள். அறுபது நிமிட உச்சவரம்பு. மீறினால் அந்தச் சந்திப்பு செல்லாது. இந்த வரம்பு இல்லாவிட்டால் அடுத்த கடலை இரண்டு நாள்கூட அப்படிக் கிடக்க நேரலாம், இனி நேராது. அந்த அளவுக்கு அவளுக்குத் திருப்தி இருந்தது. நாலே முக்காலுக்கு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'ஏற்கப்பட்டது. நல்ல பணி. நமது பிற சேவைப் பிரிவுகளில் ஏற்கெனவே உள்ள நடைமுறையோடும் ஒத்துப்போகிறது.' வாணி படித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள். அவிநாசி சாலை நெரிசலுக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் அப்போது அவள் நினைப்பில் இருந்தது.

காப்பகக் கதவு ஆறு மணிக்குத் திறந்தது. ஆதிரை ஓடிவந்த வேகத்தில் வாணி ஓரடி பின்னால் போனாள். குழந்தை இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புடவையில் புதைத்தது. கைபேசி சிணுங்கியது. தொண்ணூற்றேழு. கணவனுக்கு அனுப்பினாள். ஓசூரிலிருந்து ஒரு இதயம் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்பில் சாதம் வைத்தாள். கூடத்தில் வெகுநேரமாகச் சத்தமே இல்லை. சத்தமில்லாமல் இருந்தால் சுவரில் கிறுக்குகிறாள் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தாள்.

ஆதிரை கிறுக்கவில்லை. பாயில் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். முயல், ஒற்றைக் காது யானை, பிளாஸ்டிக் முதலை, தலை சீவிய பெண் பொம்மை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மூடியில் இரண்டு பொரி. நான்கும் வாசல் கதவைப் பார்த்திருந்தன. ஆதிரை தன் குட்டி நாற்காலியில் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு விளையாட்டு?"

முதுகு அசையவில்லை.

"ஆதிரை?"

"ஷ்ஷ்." திரும்பாமலே சொன்னாள். "பேசாதம்மா. இப்பப் பேசக்கூடாது."

"ஏன்?"

"இவங்க அம்மால்லாம் வர்ற நேரம். ஸ்நாக்ஸ் குடுத்தாச்சு. மூஞ்சி கழுவியாச்சு. இனிமே ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கணும்."

வாணி கூடத்துக்குள் வந்தாள். "யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. அப்படித்தான்."

"ஒரு மணி நேரமா?"

ஆதிரைக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "ரொம்ப நேரம்," என்றாள்.

"முயல் அழுதா என்ன பண்ணுவே?"

"அழாது." குழந்தை சுவரைப் பார்த்தபடி, தெரிந்த விஷயத்தைச் சொல்லும் குரலில் சொன்னது. "முதல்ல அழும். அப்புறம் கதவப் பாக்கும்."

"நீ எப்பம்மா திரும்புவே?"

"அவங்க அம்மா வந்தப்புறம்தான்."

அடுப்பில் சாதம் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வாணி போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்தபோதும் குழந்தை அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. நல்ல பணியாளரைப்போல முதுகு நேராக இருந்தது. போய்த் தூக்கிக்கொள்ள நினைத்துக் கையை நீட்டினாள். நான்கு பொம்மைகளும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாடிப்படியின் விளக்கு இன்னும் போடப்படவில்லை. வெறுங்காலோடு கதவைப் பார்த்து நின்றாள். பிறகு அழைப்பு மணியை அழுத்தினாள்.

உள்ளே குட்டி நாற்காலி கவிழ்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், ஓடி வரும் காலடிகள்.